மதினி தேடிய சாமி வெள்ளை

என் மதினி சீனியம்மாளுக்கு உட்காரத் தெரியாது. காளவாசலில் என் வீட்டில் நாற்காலி இருக்கிறது, கட்டில் இருக்கிறது, போதாததற்கு ஒரு மர ஊஞ்சலும் இருக்கிறது. அவள் வந்தால் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றுதான் காப்பி குடிப்பாள். பாதி டம்ளர் காலியாவதற்குள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். திரும்பி வரும்போது நான் ஊறவைத்திருந்த துணியெல்லாம் கொடியில் தொங்கும். "கொஞ்ச நேரம் உக்காருங்க மதினி, இந்த வீட்டுக்கு நான் வீட்டுக்காரியா, நீங்களா?" என்று சத்தம் போட்டால், "உக்காந்தா என்னமோ செய்யுது தமிழு" என்பாள். என்ன செய்கிறது என்று கேட்டால் சொல்லமாட்டாள். அவளுக்கே தெரியாது போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் அண்ணன் பேயாண்டியின் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நாகமலை அடிவாரத்தில், மேற்குப் பக்கம் எங்கள் ஊர். கிணற்றடித் தோட்டத்தில் மல்லிகை போட்டிருக்கிறார்கள். விடியுமுன் மொட்டுப் பறித்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு வரும் வழியில் என் வீட்டில் இறங்குவாள். என்னைப் பார்க்க அல்ல, மகளைப் பார்க்க. அவளுடைய ஒரே மகள் பாண்டீஸ்வரி என்னோடுதான் இருந்தாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்தவள். நாலுவழிச் சாலையில் லாரி தட்டி, அவன் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊரில் விட்டுவைத்தால் ஆளாளுக்கு உச்சுக்கொட்டியே அவளையும் கொன்றுவிடுவார்கள் என்று நான்தான் இங்கே கூட்டிவந்து, பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாத தனிக்கட்டை, அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கும் ஒரு துணையாயிற்று.

மகளைப் பார்க்க வந்தவள் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதானே? போகமாட்டாள். மடியை அவிழ்த்து ஒரு பூவை எடுத்து நீட்டுவாள்.

"தமிழு, இது என்ன பூவு?"

எப்போதும் வெள்ளைப் பூ, எப்போதும் காட்டுப் பூ. மடிச் சூட்டில் வதங்கித் துவண்டு கிடக்கும். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, ஏதோ போகிறபோக்கில் கேட்கிறவள் மாதிரி கேட்பாள்.

முப்பது வருஷம் நான் பூவின் பாகங்களை நடத்தினேன் என்பது உண்மைதான். செம்பருத்தியை வைத்து நடத்தினேன். செம்பருத்தியைத் தவிர வேறு ஒரு பூவை நான் அறுத்துப் பார்த்தது கிடையாது, அதற்குப் பாடத்திட்டத்தில் இடமும் கிடையாது. "வெள்ளைப் பூ மதினி" என்பேன். "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று பிடுங்கி மறுபடி மடியில் முடிந்துகொள்வாள். அடுத்த தடவை வேறொன்று வரும். இப்படியே வருஷக்கணக்காக ஓடிற்று. இந்த வயசில் சிலருக்கு சீரியல் பைத்தியம், சிலருக்குக் கோயில் பைத்தியம், இவளுக்குப் பூப் பைத்தியம் என்று நான் விட்டுவிட்டேன். மல்லிகைக்காரிக்கு மல்லிகை சலித்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

போன ஆவணியில் ஒருநாள் பாண்டீஸ்வரி தலை துவட்டிக்கொண்டே, துண்டுக்குள்ளிருந்து, "அத்தை, சிவக்குமார்னு ஒருத்தரு..." என்று ஆரம்பித்தாள். கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறவன். அவளுடைய நிலையத்துக்கு ரத்த மாதிரிகளை எடுத்துப்போக வந்து பழக்கம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். இவளைப் பற்றி ஒன்று விடாமல் தன் தாயிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் வந்து என் ஊஞ்சலில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, நன்றாகவே பேசினாள். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "கார்த்திகைக்குள்ள ஒரு சொல்லு சொல்லிருங்க டீச்சர். எங்கண்ணன் மகளக் கட்டச் சொல்லி அங்கிட்டு நச்சரிக்கிறாக. நான் எம்புட்டு நாளைக்குச் சாக்குச் சொல்றது?"

அண்ணனிடம் சொன்னேன். "ம்" என்றார். அவருக்குச் சம்மதமென்றாலும் "ம்"தான், வேண்டாமென்றாலும் "ம்"தான். வேண்டாமென்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு எழவில்லை. பாக்கி மதினிதான்.

"எதுன்னாலும் பூப்போட்டுப் பாத்துக்கிட்டுச் சொல்லுவோம்" என்றாள் மதினி.

அது எங்கள் பங்காளிகளின் வழக்கம். பெண் கொடுப்பதோ கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் கோயில் காட்டில் இருக்கிற எங்கள் குலசாமியிடம் உத்தரவு கேட்பார்கள். இரண்டு பூவரசு இலைப் பொட்டலம் கட்டி, ஒன்றில் செவ்வரளியும் இன்னொன்றில் வெள்ளைப் பூவும் வைத்துச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. இந்த வழக்கம் மற்ற ஊர்களிலும் உண்டு. எங்களிடம் கூடுதலாக ஒரு கிறுக்குத்தனம் உண்டு. அந்த வெள்ளைப் பூ கடையில் வாங்கியதாகவோ தோட்டத்தில் பூத்ததாகவோ இருக்கக்கூடாது. அந்தக் காட்டிலேயே தானாக முளைத்து, கோடையில் காய்ந்தாலும் வேரிலிருந்து வருஷா வருஷம் தழைக்கிற ஒரு செடியின் பூவாக இருக்கவேண்டும். அதற்குப் பேர் சொல்லமாட்டார்கள், 'சாமி வெள்ளை' என்பதோடு சரி. பெண்ணைப் பெற்றவள் விடியற்காலையில் குளித்து, ஈரச் சேலையோடு, யாரோடும் பேசாமல் போய் அவளே பறித்துவந்து பொட்டலம் கட்டவேண்டும். எந்தச் செடி என்று மாமியார் மருமகளுக்கு ஒரே ஒரு தடவை காட்டுவாள். வீட்டில் பிறந்த பெண்ணுக்குக் காட்டமாட்டார்கள், அவள் வேறு வீட்டுக்குப் போகிறவளாம். எந்த வீட்டுக்கும் போகாமல் கிடந்த எனக்கும் காட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

"போட்டுப் பாருங்க, யார் வேண்டாம்னா?" என்றேன் நான். மதினி தலையாட்டினாள். ஆனால் போடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் தீட்டு என்றாள். அடுத்தது நாள் சரியில்லை. அதற்கடுத்தது மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றாள், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. புரட்டாசி போய் ஐப்பசியும் பாதி போயிற்று. இதற்கிடையில் அவளுடைய பரபரப்பு ஒன்றுக்கு இரண்டாயிற்று. பூக்கூடையை மார்க்கெட்டிலேயே மறந்துவைத்துவிட்டு வந்தாள். எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப்போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தாள். வந்து நின்றவள் மகளின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பாண்டீஸ்வரி பொறுக்கமுடியாமல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"வெளிப்படையாச் சொல்லிரும்மா. நான் இப்படியே கெடக்கணும். அதான ஒனக்கு?"

மதினி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பெற்ற பிள்ளை கேட்கிறது, ஒரு பதில் சொல்லிவிட்டுப் போனால் என்ன? பின்னாலேயே ஓடினேன்.

காளவாசல் சிக்னலில் அந்நேரம் நிற்க இடமிருக்காது. ஆரன் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பஸ் நிறுத்தத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக அவள் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊர் பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "என்னதான் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? அந்தப் பய வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன்.

"பய நல்ல பயதான்" என்றாள். பிறகு, "தமிழு, ஒங்கம்மா எனக்கு அந்தச் செடியக் காட்டவே இல்ல" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நாளைக்குக் காட்டுறேன், மழ பெய்யட்டும் காட்டுறேன்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்துட்டாக. பாண்டி கல்யாணத்துக்குப் பூப்போடுற அன்னைக்கு ஊரே கோயில்ல ஒக்காந்துருக்கு. நான் ஈரச்சேலையோட காட்டுக்குள்ள நிக்கிறேன். எதுன்னு தெரியல. திரும்பி வந்து தெரியாதுன்னு சொல்ல வெக்கம். ஒசில மரத்தடியில வெள்ளையா ஒண்ணு பூத்துருந்துச்சு, பறிச்சிட்டேன். கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு. மோந்து பாத்தேன், ஒரு பொட்டு வாசமில்ல. அப்பவே நெஞ்சுல சுருக்குன்னுச்சு. வாசமில்லாத பூவ எந்தச் சாமியாச்சும் கேக்குமா? கட்டி வச்சேன். அதுதான் வந்துச்சு. வெள்ளையாத் தெரிஞ்சதும் தள்ளி நின்னவுக எல்லாரும் கொலவ போட்டாக, கிட்ட வந்து ஆரும் பாக்கல."

இன்னொரு பஸ் வந்து போயிற்று.

"கண்டதக் கட்டி வச்சு நானா உத்தரவு வாங்கிக்கிட்டேன். சாமி குடுக்கவே இல்ல. அதான் அவ புருசன் போயிட்டான். இப்ப மறுபடியும் நான்தான் பறிக்கணும். எதப் பறிக்கட்டும்? நீயே சொல்லு."

வருஷக்கணக்காக மடியிலிருந்து எடுத்து நீட்டிய பூவெல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வெள்ளைப் பூ மதினி, வெள்ளைப் பூ மதினி என்று நான் கேலி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

"அறிவிருக்கா ஒங்களுக்கு? அவனை லாரி அடிச்சுச்சா, பூ அடிச்சுச்சா?"

"சாமி கூட நின்னுருந்தா லாரி அடிச்சிருக்குமா?" என்று திருப்பிக் கேட்டாள்.

யாரிடமாவது கேட்டுத் தொலைத்திருக்கலாமே என்றால், கேட்கமுடியாது. மாமியார் காட்டாமல் பறித்தாள் என்று தெரிந்தால் அன்றைக்கே மருமகனைத் தின்றவள் என்று பேராகிவிடும். எங்கள் ஊர் வாய் அப்படி. சரி, அழுவதை அப்புறம் வைத்துக்கொள்வோம், முதலில் எது சாமி வெள்ளை என்று பார்த்துவிடுவோம் என்றேன். சந்தேகத்தோடு இருப்பது எனக்கு ஆகாது. மறுநாள் காலையில் அவளோடு ஊருக்குப் போனேன்.

கோயில் காடு என்றால் பெரிய அடர்ந்த காடு இல்லை. செம்மண்ணும் சரளையுமாக ஒரு மேடு. உசிலை மரங்கள், வெள்வேல், சங்கஞ்செடிப் புதர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சண்டைபோட்ட மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். நடுவில் வெயில் தாராளமாக இறங்கும். கோடையில் பார்த்தால் செத்துப்போன இடம் என்பீர்கள். ஐப்பசி மழை இரண்டு விழுந்திருந்ததால் அன்றைக்குத் தரையெல்லாம் பச்சை. மதினி எனக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். எந்தப் புதருக்குப் பின்னால் எந்தச் செடி, எது போன கோடையில் குச்சியாகக் காய்ந்துகிடந்து இப்போது தழைத்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எத்தனை நாள் இங்கே தனியாக வந்து அலைந்திருப்பாள் என்று நினைத்தேன்.

வேரிலிருந்து வருஷா வருஷம் தழைக்கிற வெள்ளைப் பூ என்று கணக்குப்போட்டால் அங்கே இரண்டுதான் தேறியது. ஒன்று சங்கஞ்செடி மேல் கொடியாக ஏறியிருந்த காட்டுமல்லி. அது அவளுக்குப் பேர் தெரிந்த பூ. வாசம் பத்தடி தள்ளியே வந்தது.

"இதான் தமிழு சாமி வெள்ளை. இதத்தான் நான் பறிச்சிருக்கணும். அன்னைக்குக் கண்ணுல படல பாரு" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மதுரைக்காரர்களுக்குப் பூவென்றால் மல்லிகை, மற்றதெல்லாம் அதற்குக் கீழே. மணக்காததைப் பூவென்று நாங்கள் மதிப்பதேயில்லை. அதிலும் இவள் மல்லிகையில் பிழைப்பவள்.

இன்னொன்று உசிலை மரத்தடியில், இடுப்புயரத்தில், பக்கத்துச் செடிகளின் மேல் சாய்ந்து நின்றது. அதைத்தான் அன்றைக்குப் பறித்தாளாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். மெல்லிய குழல், அதன் நுனியில் தட்டையாக விரிந்த ஐந்து வெள்ளை இதழ்கள், வாயில் ஊதா நிறத்தில் துளித்துளி மகரந்தப் பைகள். குழலைப் பிடித்திருக்கும் பச்சைப் புல்லியில் சின்னச் சின்ன மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத் துளி. ஓர் எறும்பு அதில் மாட்டிச் செத்திருந்தது. தொட்டேன், விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்தேன், ஒன்றுமில்லை. முப்பது வருஷம் செம்பருத்தியோடு நின்றுவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நிமிர்ந்தால் மதினி அதற்குள் காட்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தாள்.

போனில் படம் பிடித்துச் செடியின் பேர் சொல்லும் செயலியில் போட்டேன். முதலில் ஒரு பேர் சொன்னது. வெளிச்சம் மாற்றிப் போட்டால் வேறு பேர் சொன்னது. மூன்றாவது தடவை என் விரலைச் செடி என்று எண்ணி அதற்கொரு பேர் வைத்தது. அதை நம்பி ஒரு பெண்ணின் கல்யாணத்தை முடிவு பண்ணமுடியாது என்று அணைத்துவிட்டேன். இரண்டு பூவையும் கொத்தாக ஒடித்து ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு, சிம்மக்கல்லில் பாதுஷாவின் நாட்டு மருந்துக் கடைக்கு இரண்டு பேரும் போனோம்.

பாதுஷா எனக்குத் தெரிந்தவர், அவர் மகள் என்னிடம் படித்தவள். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க டீச்சரக்கா" என்றார். காட்டுமல்லியைப் பார்க்கவேயில்லை. மற்றதை வாங்கி, காம்பை விரலால் தடவி, விரலை ஒட்டிப் பிரித்தார்.

"கொடிவேலி. வெள்ளைக் கொடிவேலி. சித்திரமூலம்னு நாங்க விக்கிறது இதோட வேருதான். பூவும் இருந்து இந்தப் பிசுபிசுப்பும் இருந்தா வேற யோசிக்க வேணாம். எங்க புடிச்சீங்க?"

"எங்க ஊருக் காட்டுல" என்றேன்.

"வேரத் தோண்டி கீண்டித் தொட்டுறாதீங்கக்கா. தோலு கொப்புளிச்சுப் போகும். பக்குவம் பண்ணாம நாங்களே மருந்துல சேக்கமாட்டோம்."

நன்றி சொல்லித் திரும்பினால் மதினியைக் காணோம். தெருவில் சுமை இறக்கும் ஆட்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் வேகவேகமாக வைகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க ஓடிப் பிடித்தேன்.

"கொப்புளம் போடுற செடிய வச்சிருக்கேன் தமிழு. எம்மவ தலையெழுத்துல வெசத்த வச்சிருக்கேன்."

பேர் தெரிந்தது. அதனால் என்ன? கொடிவேலி என்பது கடைக்காரரின் பேர். சாமிக்கு அது ஆகுமா ஆகாதா என்பது எங்கள் ஊர்க்காரிக்குத்தான் தெரியும். எங்கள் பெரியப்பா மனைவி அன்னக்கொடி, வகையறாவிலேயே மூத்தவள், நாலு மருமகள்களுக்குச் செடி காட்டியவள். அவளிடம் போவோம் என்றேன். மதினி மாட்டவே மாட்டேன் என்றாள். ஊர் வாய்க்குப் பயந்தாள். நானும் விடவில்லை.

"கார்த்திகை பொறக்கப்போகுது. ஒங்க மானம் பெருசா, பாண்டி பெருசா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

கொடுமையான கேள்விதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கொஞ்சதூரம் நடந்துவிட்டு, "வாரேன்" என்றாள்.

பெரியம்மா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போயிருந்தோம். இரண்டு பூவையும் தட்டில் வைத்து அவள் மடியில் வைத்தேன்.

"பெரியம்மா, இதுல எது சாமி வெள்ளை?"

"பொறந்தவ நீ கேக்கக்கூடாதுடி" என்று தட்டைத் தள்ளினாள். "இந்தா நிக்கிறாளே, அவ கேக்கட்டும். அவளுக்குத்தான் தெரியுமே, பெறகு என்னத்துக்குக் கேக்குறா?"

மதினி சுவரில் சாய்ந்திருந்தாள். பிறகு சத்தமாகவே சொன்னாள்.

"எனக்கு ஆரும் காட்டல அத்தை. மொதக் கல்யாணத்துக்கு நானா பறிச்சேன்."

பெரியம்மா டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்து அவளை நன்றாக ஒருதரம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. காட்டுமல்லியை எடுத்து மூக்கருகே வைத்து இழுத்துவிட்டு, "இது நாம மோந்து பாக்குறது" என்று என் கையில் போட்டாள். கொடிவேலியை எடுத்து மதினியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"இதான். சாமிக்கு வாசமெதுக்கு? பொட்டலத்தப் பிரிக்கையில காத்தடிச்சுப் பூவு பறந்துருச்சுன்னு ஒருத்தன் வம்பு பண்ணக்கூடாதுல்ல? இது எலையோட ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுக்குத்தான் இந்தப் பூவு."

"நல்லாத் தெரியுமா அத்தை?"

"என்னடி இவ. நாலு பேத்துக்குக் காட்டுனவ நான்."

"வேரு கொப்புளம் போடுமாம்ல?"

"பூவத்தான வைக்கச் சொன்னோம், வேரையா வைக்கச் சொன்னோம்?"

மதினி அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைக் குலுக்கினேன்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா? நீங்க சரியாத்தான் பறிச்சிருக்கீங்க. ஒரு தப்பும் ஒங்க மேல இல்ல."

அவள் கையைத் திறந்து அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சரியாத்தான் வச்சிருக்கேன்."

"ஆமா மதினி."

"சாமியும் சரின்னுதான் சொல்லிருக்கு."

"ஆமா."

"பெறகு ஏன் தமிழு செத்தான்?"

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் தப்பாப் பறிச்சிருந்தா நல்லாருந்துருக்கும்" என்றாள் மதினி. அவள் அழவில்லை, குரல்கூட உயரவில்லை. "இந்தத் தடவ சரியாப் பறிச்சு எம்மவளக் காப்பாத்திப்புடலாம்னு இருந்தேன். இனி நான் என்னத்தச் செஞ்சு காப்பாத்துவேன்?"

அத்தனை வருஷமும் அவள் குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருந்தாள் என்றுதான் நான் நினைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடியே இருந்திருக்கிறாள். நல்லது செய்வதாக நினைத்து அதையும் நான் பிடுங்கிவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொடிவேலி எங்கள் இரண்டு பேர் விரலிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதிக நேரம் உட்காரவில்லை. எழுந்தாள், சேலையை உதறினாள், பஸ்ஸுக்குப் போகலாம் என்றாள். காளவாசலில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மகள் வேலை பார்க்கிற இடத்துக்குப் போனாள். பாண்டீஸ்வரி யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்துப் பஞ்சை வைக்கிறவரை மதினி பொறுத்திருந்தாள்.

"பாண்டி, அந்தப் பயல ஒனக்குப் புடிச்சிருக்குல்ல?"

"புடிச்சிருக்கும்மா."

"அப்பக் கட்டிக்க. பூவெல்லாம் ஒண்ணும் போட வேணாம்."

ரத்தம் கொடுக்க வந்த மனுஷர் பஞ்சை அழுத்திக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணனிடம் சொன்னபோது "ம்" என்றார். பூப்போடாமல் கல்யாணமா என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள். பெரியம்மா ஏனோ எதுவும் சொல்லவில்லை, மதினி சொன்னதையும் வெளியே விடவில்லை.

தை மாதம் மதுரையில் ஒரு சின்னக் கோயிலில் தாலி கட்டினார்கள். மதினி முகூர்த்தத்தின்போதும் நிற்கவில்லை, உட்காரவில்லை, தூணுக்குத் தூண் நடந்தாள். அவள் நிம்மதியாகிவிட்டாள் என்று எழுதினால் பொய். முன்பாவது சரியான பூவைக் கண்டுபிடித்தால் தீர்ந்துவிடும் என்று ஓர் இடத்தில் முடிகிற பயமாக இருந்தது. இப்போது அதற்கு முடிவே இல்லை. மகள் ஒரு தும்மல் போட்டால்கூட இவள் திடுக்கிட்டாள்.

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பைக்கில் ஊருக்கு வந்தார்கள். கறிச்சோறு போட்டாள். சாயந்திரம் கிளம்பும்போது மகளை உட்காரவைத்துத் தலை பின்னி, தை மாதத்துத் தோட்டத்தைச் சல்லடை போட்டுச் சலித்துச் சேர்த்த மல்லிகையை நெருக்கமாகக் கட்டி, பின்னலின் உச்சியிலிருந்து தோள்வரை வைத்துவிட்டாள். வழியனுப்பத் தெருவே கூடிவிட்டது. இவ்வளவு பூவை அவள் தலையில் பார்த்து எத்தனை காலம் என்று எனக்குக் கண் கலங்கியது.

சிவக்குமார் தன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைப் பாண்டீஸ்வரியிடம் நீட்டினான். அவள் தலையில் வைத்துப் பார்த்தாள். இறங்கவில்லை.

"இம்புட்டுப் பூவோட எப்படிங்க போடுறது? மடியில வச்சுக்கிறேன், போங்க" என்று சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். பைக் கிளம்பியது.

மதினி குறுக்கே போய் நின்றாள். சுற்றிக்கொண்டு மகளின் பின்னால் வந்து, அவள் கூந்தலில் கையை விட்டு, ஊசியை உருவி, அந்தப் பூவை மொத்தமாக எடுத்துவிட்டாள்.

தெரு அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பக்கம் கல்யாணமான மகள் தலையிலிருந்து பூவை எடுப்பது எந்த நாளில் என்று எல்லாருக்கும் தெரியும். மதினி அந்த நாளை ஒருமுறை பார்த்தவள். பக்கத்து வீட்டு முத்துத்தாய் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அடி ஆத்தி! தாலி ஏறி மூணு நா ஆகல, பெத்தவளே பூவ எடுக்குறாளே! ஏத்தா, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"அம்மா!" என்றாள் பாண்டீஸ்வரி. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மண்டை இருந்தாத்தான பூ வைக்க" என்றாள் மதினி.

அவள் யாரையும் பார்க்கவில்லை. மகள் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் அழுத்தி இறக்கினாள். தாடைக்குக் கீழே வாரை மாட்டத் தெரியவில்லை. சிவக்குமார் திரும்பி மாட்டிவிட வந்தான். அவனை விடவில்லை. இரண்டு மூன்று தடவை தவறவிட்டு, கடைசியில் 'டக்'கென்று சத்தம் கேட்கிறவரை மாட்டி, வாருக்குள் ஒரு விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள். பூவை ஒரு பையில் போட்டு வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டாள்.

"வீட்டுல போயி வச்சுக்க. போயிட்டுப் போனு போடு" என்றாள்.

வண்டி மெதுவாக நகர்ந்தது. மதினி பின்னாலேயே நடந்தாள். மெயின் ரோட்டில் அவன் ஏறிய பிறகும் நிற்காமல், கண்ணுக்குத் தெரிகிறவரை ரோட்டோரமாகவே நடந்துகொண்டிருந்தாள்.